“எனக்கு எதுவும் வேண்டாம், விட்டுவிடுங்கள்”

கேள்வி: திண்டுக்கல் அருகே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புவரை யாரும் சொல்லாமலே படிப்பான். கடையில் கிடக்கும் பழைய பூட்டு, ஓடாத மின்விசிறி என்று எதையாவது கழற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆறாம் வகுப்பில், ஊக்கமாக இருக்கட்டும் என்று 90-க்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் 100 ரூபாய் தரத் தொடங்கினேன். முதலில் நன்றாகத்தான் போனது. ஏழாம் வகுப்பு முடிவில் சைக்கிள், ஒன்பதாம் வகுப்பில் கைப்பேசி. எட்டாம் வகுப்பு நடுவிலிருந்தே மதிப்பெண் இறங்குகிறது. இந்தக் காலாண்டில் கணக்கில் 41. பொதுத்தேர்வில் 500-க்கு 450 எடுத்தால் லேப்டாப் என்று சொன்னேன். “எனக்கு எதுவும் வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்கிறான். என் அண்ணன் மகள் அதே பள்ளி, அதே வகுப்பு, 480-க்குக் குறைவதில்லை. வகுப்பாசிரியர், “நல்ல மூளை, சோம்பேறித்தனம்தான்” என்கிறார். மதுரையில் மாணவர்களுக்கு இரண்டு நாள் தன்னம்பிக்கை முகாம் நடக்கிறது. கட்டணம் 4,500 ரூபாய். அனுப்பலாமா? பரிசைக் கூட்டுவதா, கண்டிப்பைக் கூட்டுவதா? — ஒரு தந்தை

பதில்: ஐயா, முகாமுக்கு அனுப்ப வேண்டாம். அந்த 4,500 ரூபாயைக் கையில் வைத்திருங்கள். அதற்கு வேறு செலவு சொல்கிறேன். பரிசா கண்டிப்பா என்பதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பையனுக்கு முடியும், ஆனால் மனமில்லை என்று எடுத்துக்கொண்டால்தான் இந்த இரண்டு மருந்துகளுக்கும் பொருள் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சோம்பேறியாக இருக்கும் பையன் பேரம் பேசுவான். 450 அதிகம், 400 என்று வைத்துக்கொள்ளலாமா என்பான்; லேப்டாப்பை முதலில் வாங்கிக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம் என்பான். உங்கள் மகன் பேரத்துக்கே வரவில்லை. பதினைந்து வயதுப் பையன் லேப்டாப்பை வேண்டாம் என்று சொல்வது சாதாரண விஷயமல்ல. அந்த 450 தன்னால் எட்டக்கூடிய எண் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எட்டாத ஒன்றுக்குக் கை நீட்டி எல்லோர் முன்னாலும் தோற்பதைவிட, எனக்கு ஆசையே இல்லை என்று சொல்லிவிடுவது கௌரவமான வழி.

மாணவர்களின் ஊக்கத்தைப் பற்றி உளவியலில் பல கோட்பாடுகள் உண்டு. உங்கள் வீட்டுக்கு உடனடியாகப் பயன்படுவது, ஜாக்குலின் எக்லெஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1983-இல் முன்வைத்தது. ஒரு பாடத்தின் முன் உட்காரும் பிள்ளைக்குள் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன என்பது அதன் சாரம். ‘என்னால் முடியுமா?’ என்பது ஒன்று, ‘எதற்காக இதைச் செய்ய வேண்டும்?’ என்பது மற்றொன்று. இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு விடை ‘இல்லை’ என்று வந்துவிட்டாலும் புத்தகம் மூடிவிடும். உங்கள் மகனுக்கு இரண்டுமே கலங்கிப் போயிருக்கின்றன. ‘எதற்காக’ என்பதை அந்த 100 ரூபாய் கலக்கியது. ‘முடியுமா’ என்பதைக் கணக்குப் பாடம் கலக்கியது. அவன் உங்களிடம் காட்டுவது ‘எதற்காக’ என்பதை மட்டும்தான்.

பரிசிலிருந்து தொடங்குவோம். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகள். ஸ்கெட்ச் பேனாவைக் கண்டால் தானாகவே ஓடி வந்து படம் வரைபவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பறை மேசைகளில் அதே பேனாக்களை வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைவிலிருந்து கவனித்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசிக்கொண்டு வரைந்த குழந்தைகள் இப்போது வரைந்த நேரம், மற்ற இரு பிரிவினர் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான். பரிசுக்காக வரைந்தபோது அவர்கள் போட்ட படங்களும் தரத்தில் ஒரு படி கீழேதான் இருந்தன.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது நடுப் பிரிவை. அந்தக் குழந்தைகளும் அதே சான்றிதழைத்தான் வாங்கினார்கள். அவர்களுடைய ஆசை குறையவில்லை. ஆகவே கெடுத்தது பொருள் அல்ல, ‘இதைச் செய்தால் அது’ என்ற ஒப்பந்தம். விரும்பிச் செய்துகொண்டிருந்த வேலை, கூலிக்குச் செய்யும் வேலையாகக் கணக்கு மாறிவிடுகிறது. கூலி நின்றால் வேலையும் நிற்கும். கூலி உயராவிட்டால் அலுக்கும். உங்கள் வீட்டில் 100 ரூபாய் சைக்கிளாகி, சைக்கிள் கைப்பேசியாகி, கைப்பேசி இப்போது லேப்டாப் ஆகியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புவரை யாரும் சொல்லாமல் படித்த பையனுக்கு நீங்கள் ஊக்கம் தரவில்லை. அவனிடம் ஏற்கெனவே இருந்ததற்கு விலை வைத்தீர்கள்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பரிசு எல்லாமே விஷம் என்றும் யாரும் நிரூபித்துவிடவில்லை. இந்த விஷயத்தில் உளவியலாளர்கள் பல ஆண்டுகள் கடுமையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். பரிசால் பெரிய கெடுதல் இல்லை என்று 1994-இல் ஜூடி கேமரூனும் டேவிட் பியர்ஸும் எழுதினார்கள். 1999-இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் ஆகியோர் 128 சோதனைகளைத் திரட்டி, கெடுதல் இருக்கிறது, அதுவும் குழந்தைகளிடம் கூடுதலாக இருக்கிறது என்று பதில் கொடுத்தார்கள். சண்டையின் புழுதி அடங்கிய பிறகு இரு தரப்பும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வது இதுதான்: ஆர்வமே இல்லாத சலிப்பூட்டும் வேலைக்குப் பரிசு கொடுத்தால் கெட்டுப்போக எதுவும் இல்லை, ஏற்கெனவே ஆர்வம் உள்ள வேலைக்கு ஒப்பந்தம் போட்டுப் பரிசு கொடுப்பதில்தான் ஆபத்து.

காசு கொடுத்துப் படிக்க வைக்கும் யோசனையைப் பெரிய அளவில் சோதித்தவர் ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதார நிபுணர். அமெரிக்காவின் சில நகரங்களில் பள்ளி மாணவர்களுக்கு உண்மையாகவே டாலர் கொடுத்துப் பார்த்தார். முடிவுகள் 2011-இல் வெளியாயின. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம், சிகாகோவில் பாடங்களில் வாங்கும் கிரேடுக்குப் பணம். இரண்டிலும் படிப்பு உயரவில்லை. டல்லாஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுச் சிறு வினாடிவினாவில் தேறினால் 2 டாலர். அங்கே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் வாசிப்புத் திறன் கூடியது. புத்தகத்தைப் படி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். 90 வாங்கு என்றால் தெரியாது. மதிப்பெண்ணுக்குப் பணம் என்று அறிவிக்கப்பட்ட மாணவர்களிடம், இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்வாய் என்று கேட்டபோது, கேள்வியைக் கவனமாகப் படிப்பேன், விடையைச் சரிபார்ப்பேன் என்றெல்லாம் தேர்வறைத் தந்திரங்களைத்தான் சொன்னார்கள். புரியாததை ஆசிரியரிடம் கேட்பேன் என்ற பக்கமே யோசனை போகவில்லை.

உங்கள் மகனும் அப்படித்தான் நிற்கிறான் என்று நினைக்கிறேன். 41-லிருந்து 90-க்குப் போகும் வழி அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. மரை தேய்ந்த போல்ட்டை எவ்வளவு பலம் கொடுத்துத் திருகினாலும் பிடிக்காது என்பது உங்கள் கடைக்கு வரும் எல்லோரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எட்டாம் வகுப்பு நடுவில் இறங்கத் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் இந்த இடம் அடிக்கடி வரும் இடம். குறை எண்களும் பின்னங்களும் அரைகுறையாக நின்ற பிள்ளைக்கு, அதுவரை விதியை மனப்பாடம் செய்து ஓட்ட முடியும். இயற்கணிதம் கனமாகத் தொடங்கியதும் ஓட்டம் நின்றுவிடும். அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பும் புரியாததன் மேல் புரியாததை அடுக்கும். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டில் தடுமாறும் பையனுக்கு இருபடிச் சமன்பாடு மட்டும்தான் சிக்கல் என்று நம்பாதீர்கள். −7-லிருந்து −3-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 2/3-ஐயும் 3/5-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். அங்கேயே தெரிந்துவிடும். சொல்வது நீங்களாக இருக்க வேண்டாம். யார் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த வகுப்பாசிரியரின் வாக்கியத்துக்கு வருவோம். “நல்ல மூளை, சோம்பேறித்தனம்தான்.” அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நம் பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தில் அதிகம் செலவாகும் வாக்கியமும் இதுதான். ஆனால் இதை ஒரு பிள்ளையின் காதால் கேட்டுப் பாருங்கள். நான் இப்போது உட்கார்ந்து கடுமையாகப் படித்து, அதற்குப் பிறகும் 45 வாங்கினால் என்ன ஆகும்? சோம்பேறி என்ற பெயர் போகும். கூடவே நல்ல மூளை என்ற பெயரும் போகும். படிக்காமல் 41 வாங்கினால் நல்ல மூளை பத்திரமாக இருக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்ட்டின் கவிங்டன் என்ற உளவியலாளர் இதைத்தான் முயற்சியின் இரட்டை முனை என்றார். 1979-இல் கரோல் ஒமெலிக்குடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வின் மையமே இந்த நெருக்கடிதான்: முயற்சி செய்யாவிட்டால் ஆசிரியர் திட்டுவார், முயற்சி செய்து தோற்றால் தன்னைத் தானே மட்டமாக நினைக்க நேரும். இந்த இரண்டில் திட்டு வாங்குவதைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் ஏராளம். பரீட்சைக்கு முந்தின நாள் இரவு வேண்டுமென்றே கிரிக்கெட் பார்ப்பது, எழுதுபொருளைத் தொலைப்பது, நோட்டை மறந்துவிட்டு வருவது எல்லாமே இந்தக் கேடயத்தின் வகைகளாக இருக்கலாம்.

‘நீ புத்திசாலி’ என்ற பாராட்டுக்கும் இதே குணம் உண்டு. கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் அதிகக் கடினமில்லாத புதிர்களைக் கொடுத்து, ஒரு பிரிவினரிடம் நீ கெட்டிக்காரன் என்றும், இன்னொரு பிரிவினரிடம் நன்றாக உழைத்திருக்கிறாய் என்றும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரன் பட்டம் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் பட்டம் கெடாத வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வேலையைக் கேட்டார்கள். பிறகு கடினமான புதிர் கொடுத்துத் தோற்க வைத்ததும் முதல் பிரிவினர் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு பள்ளி மாணவனுக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் 10 பேரில் ஏறக்குறைய 4 பேர் கூட்டி எழுதினார்கள். பட்டம் காக்கப்பட வேண்டிய சொத்தாகிவிடுகிறது.

இதே டுவெக்கின் பெயரில்தான், மூளை வளரும், மனப்பான்மையை மாற்று என்ற முழக்கங்கள் இப்போது பள்ளிச் சுவரெங்கும் ஒட்டப்படுகின்றன. நீங்கள் சொல்லும் முகாம்களில் பலவும் இதைத்தான் உரத்த குரலில் விற்கின்றன. உண்மையான அளவு என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. 2019-இல் டேவிட் யேகரும் குழுவினரும் அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். மதிப்பெண்ணில் பின்தங்கிய மாணவர்களுக்கு, 4.3 புள்ளி வரையிலான கிரேடு அளவில் 0.1 அளவுக்கு முன்னேற்றம் கிடைத்தது. செலவு குறைவு என்பதால் அது மோசமில்லை. ஆனால் 41-ஐ 90 ஆக்கும் மந்திரம் அதில் இல்லை. இரண்டு நாள் கைதட்டலுக்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் அதே கணக்குப் புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருக்கும். ‘உன்னால் முடியும்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு வந்தவன், முடியாமல் போகும்போது முன்னைவிடத் தனிமையாக உணர்வான்.

‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பாண்டுரா 1977-இலேயே விரிவாக எழுதிவிட்டார். அடுத்தவர் சொல்லி வருவது அதில் பலவீனமான வழி. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அதைவிட மேல். எல்லாவற்றிலும் வலுவானது, தானே செய்து முடித்துப் பார்த்தது. அவரும் டேல் ஷங்க்கும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்காகவே நடத்தியது போல இருக்கும். கழித்தலில் மிகப் பின்தங்கி, கணக்கென்றாலே வெறுத்த ஏழு முதல் பத்து வயதுக் குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே பயிற்சிக் கட்டு, 42 பக்கம், ஏழு அமர்வுகள். சிலரிடம், ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பார் என்றார்கள். சிலரிடம், ஏழாவது அமர்வுக்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பார் என்றார்கள். வேலை ஒன்றுதான். ஆனால் 6 பக்கக் குழந்தைகள்தான் கழித்தலில் தெளிவாக முந்தினார்கள். தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்குத்தான் கூடியது. வேடிக்கை என்னவென்றால், யாரும் சொல்லாமலே கழித்தல் கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தவர்களும் அவர்கள்தான். 42 பக்கக் குழந்தைகளின் நிலை, இலக்கே சொல்லப்படாதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை.

ஆர்வம் வந்த பிறகு படிப்பான் என்று பெற்றோர் காத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை வரிசை பெரும்பாலும் தலைகீழ்; கொஞ்சம் செய்ய வருகிறது என்று தெரிந்த பிறகுதான் ஆர்வம் எட்டிப் பார்க்கிறது. உங்கள் 450 என்பது அந்தக் குழந்தைகளின் 42 பக்கம்.

அண்ணன் மகளின் 480 பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்களே ஊகித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை 2017-இல் நிறுத்திவிட்டார்கள்; நம் வீட்டு விசேஷங்களில் அது இன்னும் வெளியாகிக்கொண்டேதான் இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 3,530 மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வைக் கோ முராயாமாவும் குழுவினரும் வெளியிட்டிருக்கிறார்கள். பெற்றோரின் ஆசை பிள்ளையின் கணித மதிப்பெண்ணை உயர்த்தத்தான் செய்கிறது. ஆனால் ‘என் பிள்ளை இவ்வளவு வாங்க வேண்டும்’ என்ற ஆசை, ‘உண்மையில் இவ்வளவு வாங்குவான்’ என்ற தங்கள் மதிப்பீட்டைத் தாண்டிப் போகும்போது மதிப்பெண் இறங்குகிறது. 450 வாங்குவான் என்று நீங்களே நம்புகிறீர்களா என்று உங்களிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் நம்பவில்லை என்றால் அது அவனுக்கும் தெரியும்.

அப்படியானால் அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடவா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. டெசியும் ரையனும் வளர்த்த சுயநிர்ணயக் கோட்பாடு, மனிதருக்கு மூன்று தேவைகள் உண்டு என்கிறது: என் செயல் என்னுடையது என்ற உணர்வு, செய்ய வருகிறது என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு, இது வெள்ளைக்காரக் கதை, நம் வீட்டுக்கு ஒத்துவராது என்பவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஷீனா ஐயங்காரும் லெப்பரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துகளை இடம்மாற்றிச் சொல் கண்டுபிடிக்கும் புதிர்கள் தந்தார்கள். ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகள், எந்தப் புதிர் என்று தாங்களே தேர்ந்தெடுத்தபோது சிறப்பாகச் செய்தார்கள். சீன, ஜப்பானிய வம்சாவளிக் குழந்தைகளோ, ‘இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது’ என்று சொல்லப்பட்டபோதுதான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார்கள். யாரோ ஓர் அந்நியர் தேர்ந்தெடுத்தது என்றால் இரு தரப்பும் சுணங்கியது. அம்மாவின் விருப்பத்தைத் தன் விருப்பமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு உறவு இருந்தால் அது கட்டாயமாகத் தெரிவதில்லை. நம் வீடுகளில் படித்து முன்னேறிய பலரின் கதையும் இப்படித்தான் இருக்கும். ஆகவே நீங்கள் விலகி நிற்க வேண்டியதில்லை. நீங்கள் அவனுக்கு முதலாளியாக இருக்கிறீர்களா, அப்பாவாக இருக்கிறீர்களா என்பதுதான் விஷயம். 100 ரூபாய் ஒப்பந்தம் உங்களை முதலாளி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது.

இனி செய்ய வேண்டியவை. முதலில் அவனிடம் ஒரு தடவை பேசுங்கள், மதிப்பெண் பட்டியல் பக்கத்தில் இல்லாத ஒரு நேரத்தில். நீளமாக வேண்டாம். மார்க்குக்குப் பணம், பொருள் என்பதை இத்தோடு நிறுத்திவிட்டேன், அது உன்மேல் கோபத்தால் இல்லை என்று சொல்லுங்கள். கணக்கு எந்த இடத்திலிருந்து கஷ்டமாயிற்று என்று கேளுங்கள். ‘தெரியவில்லை’ என்பான், பரவாயில்லை, அது உண்மையாகவும் இருக்கலாம். ‘இனியாவது ஒழுங்காக’ என்ற சொற்களோடு மட்டும் முடிக்காதீர்கள்.

அடுத்து அந்த 4,500 ரூபாய். உங்கள் பகுதியில் கணிதம் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரையோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ பாருங்கள். நாற்பது பேர் உட்காரும் டியூஷன் இவனுக்கு உதவாது. அங்கே மறுபடியும் பத்தாம் வகுப்புப் பாடத்தைத்தான் வேகமாக நடத்துவார்கள், இவனும் மறுபடியும் தலையாட்டிக்கொண்டு இருப்பான். தனியாகச் சொல்லித்தரும் ஒருவர், ஏழாம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களிலிருந்து தொடங்க வேண்டும். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் புத்தகம் தெரிய வேண்டிய அவசியமில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஏழாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்காருவதை அவன் தங்கையோ அண்ணன் மகளோ பார்த்துவிட்டால் எல்லாம் பாழ். ஒரு நாளைக்கு ஆறு கணக்கோ எட்டோ, எத்தனை என்பதை அவனும் அந்த ஆசிரியரும் முடிவு செய்யட்டும். நீங்கள் கேட்க வேண்டியது, இன்றைக்கு எது பிடிபட்டது என்பதை மட்டும்.

படிக்கும் முறையையும் அவர் கொஞ்சம் மாற்றித் தரட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பது படித்தது போன்ற மயக்கத்தைத் தரும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் காட்டியது போல, ஒரு வாரம் கழித்து நினைவில் அதிகம் நிற்பது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கு இது உடனே பலன் தரும். கணக்கு மெதுவாக ஏறும் காலத்தில் இன்னொரு பாடம் சட்டென்று ஏறினால் அவனுக்கும் மூச்சு வரும்.

உங்கள் கடையைப் பற்றி ஒரு சொல். பைப் விட்டம், பெயிண்ட் பரப்பளவு, தள்ளுபடி, ஜிஎஸ்டி என்று கணக்கு அங்கே கொட்டிக் கிடக்கிறது. அதைச் சொல்லிப் பாடம் எடுக்க உங்கள் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கிறிஸ் ஹல்மனும் ஜூடித் ஹாரகீவிச்சும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் மாணவர்களில் ஒரு பிரிவினரை, படித்த பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று அவ்வப்போது எழுதச் சொன்னார்கள். தன்னால் முடியாது என்று நினைத்திருந்தவர்களுக்கு அதில் ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. கண்டுபிடித்து எழுதியது அவர்களே; யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. நீங்கள் செய்யக்கூடியது, ஓடாத மின்விசிறியை மறுபடியும் அவன் மேசையில் வைப்பது. மதிப்பெண்ணோடு அதைக் கோக்காமல்.

பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்ற பேச்சு உங்கள் வீட்டில் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அதில் அவன் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். எல்லா முடிவையும் பெரியவர்கள் எடுத்துவிட்டு, படிப்பது மட்டும் உன் பொறுப்பு என்றால் எந்தப் பிள்ளைக்கும் கால் நகராது. கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும், உங்களுடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அவன் தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றனவா, நண்பர்களிடமிருந்து விலகுகிறானா, முன்பு ரசித்த எதுவுமே பிடிக்காமல் போய்விட்டதா என்று கவனியுங்கள். ‘விட்டுவிடுங்கள்’ என்பது படிப்பைப் பற்றி மட்டும் என்றால் மேலே சொன்னது போதும். எல்லாவற்றையும் பற்றி என்றால், வாழவே பிடிக்கவில்லை என்ற சாயலில் ஒரு சொல் வந்தாலும், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, சத்தமாகப் படிக்கும்போது வரி தவறுகிறதா, எண்களை மாற்றி எழுதுகிறானா என்று அந்தக் கணக்கு ஆசிரியர் பார்க்கட்டும். கண் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடலாம்.

அரையாண்டில் மதிப்பெண் பெரிதாக ஏறாது என்று இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஏழாம் வகுப்பிலிருந்து கட்டிக்கொண்டு வருபவன் டிசம்பரில் பத்தாம் வகுப்புத் தாளில் அதைக் காட்ட முடியாது. விடைத்தாளில் மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன், விட்டுவிட்டு வந்த கேள்விகள் எத்தனை என்று எண்ணுங்கள். தவறாகவாவது போட்டுப் பார்த்த கணக்குகள் கூடியிருந்தால் வேலை சரியாக நடக்கிறது.

லேப்டாப் விஷயம் ஒன்று மீதம் இருக்கிறது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். திரும்பப் பெற வேண்டாம், நிபந்தனையை மட்டும் எடுத்துவிடுங்கள். மேல்நிலை வகுப்பில் அவனுக்கு அது தேவைப்படும் என்று நீங்கள் நினைத்தால், உங்கள் கையில் வசதியும் இருந்தால், ஜூன் மாதம் வாங்கித் தருவதாக இப்போதே சொல்லிவிடுங்கள், மதிப்பெண் 300 ஆனாலும் 450 ஆனாலும். வசதி இல்லையென்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கடைக் கணக்கு புரியும்.